காற்றுக்கு மூங்கில்

“நாயனக்காரர் மூச்சுப் பிடிச்சு ஊதியும் வெடிக்கல மாப்ள. வெறும் காத்துக்கு வெடிச்சிருச்சு.”

மதுரையிலிருந்து சோழவந்தான் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டுக்காரர் தம் மைத்துனரிடம் சொன்னார். யுத்த காலத்துக் கரி பஸ், சமயநல்லூரில் கரி போட நின்றிருந்தது. வீட்டுப் பட்டறையில் சைக்கிளுக்குப் பெயிண்ட் பீய்ச்ச, எஞ்சின் அழுத்தி அடைக்கும் காற்றை அவர் மூங்கில் குழாயில் கொண்டுபோயிருக்கிறார்.

“மூங்கிலையா போட்டீங்க மச்சான்?”

“இரும்பு எங்க கெடைக்குது? தண்ணிக்கே தாங்குற மூங்கில், காத்துக்குத் தாங்காதா? காத்துல என்ன கனமா இருக்கு?”

“எஞ்சின் அடைக்கிற காத்தும் மனுச மூச்சும் ஒண்ணா?”

“தேரோட்டத்துக்கு ஊதுற ஆளுய்யா அவரு! தாங்குதான்னு பாக்க, குழாயில வாய வச்சு அரை மணி நேரம் ஊதினாரு. ஒரு கீறல் விழல.”

“அப்ப அக்கா எங்க இருந்துச்சு?”

“தூண்ல சாஞ்சு உக்காந்திருந்தா. சோறு பொங்கிருச்சுன்னு எந்திரிச்சுப் போனா, அந்நேரம் வெடிச்சிருச்சு. தூண்ல ஒரு சாண் சிராய் குத்தி நிக்கிது.”

“அதான் பெட்டியோட எங்க வீட்டுக்கு வந்திருச்சா! இரும்புக் குழாய் போடாம அது திரும்பி வராது மச்சான்.”

“அலைஞ்சு வாங்கிட்டேன். சீட்டுக்கு அடியில பாரு.”

“நல்லதாப் போச்சு. பின்னால நம்மளையே பாத்துக்கிட்டு இருக்காகளே, யாரு?”

நானும் திரும்பினேன். கடைசி சீட்டில் மடியில் நாயனத்தோடு இரண்டு பேர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்கள்.

“இரும்பாச்சே மாப்ள, ஒருத்தர் மூச்சு பத்துமா?”