குழாயில் இறங்கிய நீலம்

— வேணாம் பாவாடைண்ணே. இது அரசாங்க லேப். மீனெல்லாம் வாங்கினா எனக்கு மெமோ வரும்.

— ரெண்டே ரெண்டு கொடுவாதான், சரிதா மேடம். வீராம்பட்டினத்துலேர்ந்து பஸ்ஸுல மடியில வெச்சுக்கிட்டு வந்தேன். உங்களாலதான் எங்க ஐஸ் கம்பெனியில ஆறு பொம்பளைங்க இன்னிக்கு உசுரோட ஐஸ் ஒடைக்கிறாங்க. நெசமா சொல்றேன்.

— நான் என்னண்ணே செஞ்சேன்? காத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்து அளந்தேன்.

— அன்னிக்கு உங்களைக் கேட்டுலயே மறிச்சேனே. இருபத்தெட்டு வருசமா நான்தான் இங்க ஆப்பரேட்டரு, ஐஸ் ஒறைய வைக்கிற அம்மோனியா ஒரு பொட்டு கசிஞ்சாலும் எம் மூக்குக்குத் தெரியும், கண்ணாடிக் குழாய வெச்சு நீ என்னாத்தக் கண்டுபிடிப்பேன்னு கத்துனேன். நீங்க பாட்டுக்கு உள்ள போயி குழாய வெச்சீங்க. அந்தக் குழாய் எப்படித்தான் கண்டுபிடிச்சுது?

— அதுல கொஞ்சம் அமிலம் இருக்கும். சின்ன பம்பு காத்த இழுத்து அதுக்குள்ள குமிழ் குமிழா விடும். காத்துல இருக்கிற அம்மோனியாவ அமிலம் பிடிச்சு வெச்சுக்கும். இங்க கொண்டாந்து மருந்து ஊத்துனா நீலமாயிடும். அம்மோனியா எவ்வளவோ அவ்வளவு நீலம். நம்ம கண்ணு ஏமாந்துடும். இதோ இந்த மெஷின், ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர், அதுக்குள்ள வெளிச்சத்தை விட்டு, நீலம் எவ்வளவு வெளிச்சத்தைக் குடிச்சுதுன்னு நம்பராச் சொல்லிடும்.

— எங்களுது எவ்வளவு குடிச்சுது?

— கேட்டுல வெச்ச குழாய் வெறும் தண்ணியாட்டம் இருந்துச்சு. ஐஸ் தொட்டிகிட்ட வெச்சது லேசா வெளிறின நீலம். கம்ப்ரசருக்குப் பின்னாடி வெச்சது மை மாதிரி கருநீலமா இருந்ததப் பாத்துட்டு, மருந்த மாத்தி ஊத்திட்டேனோன்னு பயந்துட்டேன். அதான் மறுநாளும் வந்தேன். மறுபடி அதே நம்பர்.

— மறுநாளும் கத்துனேன் நான். அப்புறம் உங்க ரிப்போர்ட்டைப் பாத்துட்டு மெக்கானிக்கு, அம்மோனியா பட்டா வெள்ளையாப் பொகையிற கந்தகக் குச்சி கொளுத்தி பைப்பு பைப்பா காட்டிக்கிட்டே வந்தாரு. பின்னாடி வால்வுகிட்ட குப்புனு வெள்ளப் பொகை. இன்னும் பத்து நாள் விட்டிருந்தா பிச்சிக்கிட்டுப் போயிருக்கும்னாரு. அதுக்கு நேர் அந்தாண்டதான் அஞ்சலாட்சியும் மத்த பொம்பளைங்களும் நிப்பாங்க. அவ ரெண்டு மாசமா கண்ணெரியுதுன்னுதான் சொன்னா. வெங்காயம் உரிச்சிருப்பே, போன்னேன்.

— கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கறேன். அந்த அளவுக்கு இருந்தா நல்ல மூக்குக்கு லேசாவாவது தெரிஞ்சிருக்குமே?

— மத்தவங்களுக்குத் தெரிஞ்சுதான் இருக்கு. பாவாடையே இல்லன்னுட்டாரே, நம்ம மூக்குதான் தப்புன்னு விட்டுட்டாங்க. எனக்குக் கொரோனாவுல போச்சு மேடம். எல்லாருக்கும் திரும்பி வந்துது, எனக்கு வரல. மல்லிப்பூவும் ஒண்ணுதான், சாக்கடையும் ஒண்ணுதான். கந்தகக் குச்சியக் கையில எடுத்தா, பாவாடைக்கு எதுக்குடா குச்சின்னு கேட்டுடுவாங்களேன்னு எடுக்கவே இல்ல.

— முதலாளிக்குத் தெரியுமா?

— காலையில சொல்லிட்டேன். வேலைய விட்டு அனுப்பிடுவாருன்னுதான் போனேன். மூக்கு போனா என்ன, கை இருக்குதில்ல, வாரா வாரம் குச்சி கொளுத்திப் பாருன்னாரு. அஞ்சலாட்சிகிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டேன். வீட்டுல மட்டும் சொல்லல. எம் பொஞ்சாதி செல்வாம்பாளுக்கு என்னப் பத்தி அவ்ளோ பெருமை. நாலு வருசமா குழம்ப இறக்குனதும், வாசனை தெருவுக்கே வருதுன்னு சொல்லிச் சொல்லியே ஓட்டிட்டேன். அவ எப்பனா கேட்டா, இது வழக்கமா வர செக்கிங்குதான்னு சொல்லிடுங்க மேடம்.

— உங்க கம்பெனிக்கு வழக்கமான செக்கிங் எதுவும் எங்க லிஸ்ட்டுல இல்லண்ணே.

— அப்ப உங்கள யாரு வரச் சொன்னது?

— சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க. ஆனா உங்களுக்குத் தெரியணும். போன மாசம் ஒரு அம்மா வந்தாங்க. கோரிமேட்டு ஆஸ்பத்திரில, செத்த மூக்கு திரும்ப வருமான்னு கேட்டுட்டு நேரா இங்கதான் வந்தாங்க. வீட்டுல அடுப்பு அணைஞ்சு கேஸு பரவிக்கிட்டிருக்க, அவங்க வீட்டுக்காரர் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சாராம். 'அவருக்கு அந்த மூக்குதாம்மா மரியாதை. நான் சொன்னா ஒடைஞ்சிடுவாரு, நீங்க கம்பெனிக்குப் போயி மெஷினு வெச்சு சொல்லுங்க'ன்னாங்க.