கடலுக்கு முதுகு காட்டிய படம்

அவையின் தலைமை இருக்கைக்கு அழகு சேர்க்கும் அண்ணன் சாரங்கபாணி அவர்களே! புகைப்படக் கலைஞர் சங்கத்தின் செயலாளர், கூத்தாநல்லூர் தந்த தம்பி மீரா உசேன் அவர்களே! எங்கள் கல்யாணங்களைக் கறுப்பு வெள்ளையில் காத்துத் தந்த மூத்த கலைஞர்களே! பிள்ளையின் கேமராவுக்காகக் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இன்று முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் தாய்மார்களே! தஞ்சைத் தரணியெங்கும் ஒளியைத் தேடி ஓடும் தம்பிகளே, தங்கைகளே! நன்னிலம் துணிக்கடைக் கண்ணுசாமியின் வணக்கம்.

மாடல்களை வைத்துப் படமெடுக்க எப்படித் திட்டமிடுவது, எதைத் துணைக்கு வைத்துக்கொள்வது என்று பேசச் சொன்னார்கள். கேமராவைப் பிடிக்கத் தெரியாதவனுக்கு இந்தத் தலைப்பா? அதோ, ஒரு தம்பி ஆமாம் என்று தலையாட்டுகிறார்! தம்பி, எனக்குப் படம் எடுக்கத் தெரியாது. எந்தப் படம் சேலையை விற்கும் என்று தெரியும்.

வயல் வேலை செய்தவர் வீட்டில் பிறந்தவன் நான். துணி மூட்டையைத் தோளில் சுமந்து, தெருத்தெருவாய்த் திரிந்து, கடை கண்டவன். அந்தக் கடை வாசல் பேனரில் ஆண்டுதோறும் சிரித்தது யார்? மும்பையில் எடுத்த முகம்! பால் நிறம், பின்னால் பனிமலை! நன்னிலத்தில் ஏது பனிமலை? என் சேலையை உடுத்துவது யார்? எங்கள் பெண்கள்! உடுத்திப் பார்த்து ஊருக்கெல்லாம் சொல்வது யார்? எங்கள் பெண்கள்! பேனரில் மட்டும் ஏன் இல்லை எங்கள் பெண்கள்? என் தாயின் நிறத்தில், என் தங்கையின் சாடையில், ஒரு முகம், ஒரே ஒரு முகம், என் வாசலில் ஒளிராதா என்று ஏங்கினேன். கடை திறக்கும்போதும் ஏங்கினேன். கடை அடைக்கும்போதும் ஏங்கினேன்.

போன தீபாவளிக்காக ஆவணியிலேயே உங்கள் சங்கத்துப் படக்கலைஞர் தங்கை மதிவதனியை அழைத்தேன். இங்கேதான் இருக்கிறார், திட்டம் போடுவதில் புலி. சூரியன் எந்த இடத்தில் எழும் என்று காட்டும் ஆப் அவர் செல்போனில் உண்டு. எப்படி நிற்பது, எப்படிப் பார்ப்பது என்று மாதிரிப் படங்களை ஒட்டிய மூட் போர்டு உண்டு. மாடல், தரங்கம்பாடி மீனவர் வீட்டுக் கல்லூரிப் பெண் அபிநயா. ஆகா! நான் ஏங்கிய அதே சாடை!

விடியற்காலை, கடற்கரை, நீலச் சேலை. மூட் போர்டில் உள்ளபடியே கடலைப் பார்த்து ஏக்கத்தோடு நின்றாள் அபிநயா. பொன்னொளி முகத்தில் பொழிந்தது. கேமரா உயர்ந்தது.

"அடியே! யாரைத் தேடிக்கிட்டு நிக்கிற?"

ஓடி வந்தார் அவள் தாய் சௌந்தரநாயகி. "ஒங்கப்பன் குத்துக்கல்லாட்டம் வீட்டுல உக்காந்து டீ குடிக்கிறாரு. அண்ணன் வீரமணி ராத்திரிதான் கடலுக்குப் போயிருக்கான். போன புள்ள வர்றதுக்குள்ள, கரையில நின்னு ஏங்குவாளா ஒருத்தி? வராதவனுக்குல்லடி அப்புடி நிப்பாங்க!"

அந்த வீட்டின் வழக்கம் அது, எங்களுக்குத் தெரியவில்லை. "ஆத்தா, கோவிச்சுக்காதீங்க" என்றேன்.

"ஆத்தாவா? ஒம்ம நரைச்ச மீசையை மொதல்ல கண்ணாடியில பாரும்யா!"

சிரிங்க, நல்லாச் சிரிங்க! அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார் தாய். என் பேனர் முகம் என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

மதிவதனி செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினார். "அபிநயா, நீங்கள்லாம் அப்ப எப்புடித்தான் காத்திருப்பீங்க?"

"கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு வேலையைப் பாப்போங்க்கா. காது மட்டும் அங்கயே கெடக்கும்."

"நேத்தே சொல்லியிருக்கலாமேப்பா?"

"நீங்க எங்கக்கா கேட்டீங்க? படத்தைக் காட்டி, இப்புடி நில்லுன்னீங்க."

தோழர்களே! ஆப் அதைக் கேட்டதா? மூட் போர்டு கேட்டதா? பணம் போட்ட நான்தான் கேட்டேனா?

அப்படியே எடுக்கிறோம் என்றதும் தாய் சம்மதித்தார். அபிநயா கடலுக்கு முதுகு காட்டி அமர்ந்து வலையில் கை வைத்தாள். வெயில் முதுகில் விழ, முகம் இருண்டது. வண்டியில் கிடந்த எட்டு முழ வேட்டியைப் பிரித்தேன். ஒரு முனையில் நான். மறுமுனையில், டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்த தகப்பன் சிங்காரவேலு. வேட்டியில் பட்ட வெளிச்சம் அவள் முகத்தில் மீண்டது. நாங்கள் நிமிர்ந்தால் போதும், "கடலை என்ன பார்வை? வேட்டியைப் பாருங்க!" என்று அதட்டினார் சௌந்தரநாயகி.

காத்திருந்தோம். எங்கள் காதில் அலைதான் விழுந்தது. திடீரென்று அபிநயாவின் விரல்கள் வலையில் நின்றன. கழுத்து மெல்லச் சாய்ந்தது. கண்கள் எதையும் பார்க்கவில்லை. முகம் முழுவதும் காதாகிவிட்டது! கிளிக்! பிறகுதான் எங்களுக்குக் கேட்டது வீரமணியின் படகு இஞ்சின்.

ஆப் வேண்டாம் என்கிறேனா? வைத்துக்கொள்ளுங்கள்! மாதிரிப் படம் வேண்டாம் என்கிறேனா? சேர்த்துக்கொள்ளுங்கள்! ஆனால் திட்டம் தொடங்கும் நாளிலேயே மாடலைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். இந்தக் காவிரிக் கரையில் எத்தனை முகங்கள், எத்தனை விதமாய் ஏங்குகின்றன! எந்த ஊர்ப் படத்தில் இருக்கிறது அதற்கு மாதிரி?

பேனர் ஏறிய அன்று, நடவு முடித்த கையோடு வந்த என் பழைய வாடிக்கைக்காரர் பொன்னுத்தாய் வாசலிலேயே நின்றுவிட்டார். அண்ணாந்து பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். "இந்தப் பொண்ணு யாருங்க? எங்க சாடையால்ல இருக்கு!" என்றார். உள்ளே வந்ததும் விலை கேட்கவில்லை. நீலச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, முதன்முதலாக என் கடைக் கண்ணாடி முன்னால் போய் நின்றார்.

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. உங்கள் கேமராக்களுக்குக் குறையாத வெளிச்சம் வாய்க்கட்டும். வணக்கம்!