அத்திப்பள்ளியில் திறந்த மேசை

எங்கள் பசிக்குச் சோறும் எங்கள் அழுகைக்குத் தோளும் தந்து, இன்று இந்த விழாவுக்குத் தலைமையும் தாங்கி அமர்ந்திருக்கும் விடுதிக் காப்பாளர் சரோஜம்மாள் அவர்களே! பெற்ற மகளை முன்பின் தெரியாத ஊருக்கு ஏற்றிவிட்டு, பேருந்து மறையும்வரை கையசைத்து நின்ற தாய்மார்களே! திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவோம் என்று அந்தக் கையைத் திரும்பிப் பாராமலே வந்த தங்கைகளே! சிப்காட்டின் மூன்று ஷிப்டையும் மூச்சாகக் கொண்ட பெரியோர்களே! பாரூர் ஏரித் தண்ணீரில் வளர்ந்த அருணாவின் பணிவான வணக்கம்.

"கணினியும் பெண்களும்" என்று தலைப்புக் கொடுத்தார்கள். கணினியைப் பற்றிப் பேச என்னைவிடக் கற்றவர்கள் உண்டு. நான் பேச வந்தது பெண்களைப் பற்றி. அதிலும் மூன்றே மூன்று பெண்களைப் பற்றி.

இதே விடுதியின் ஒன்பதாம் எண் அறையில் மூவர் இருந்தோம். கோவில்பட்டிப் பேச்சியம்மாள், திருக்கோவிலூர் மோகனப்ரியா, நான். வாரத்தில் ஆறு நாள் இயந்திரத்துக்கு. ஞாயிறு மூன்று மணி எங்களுக்கு! பெங்களூர் நடைபாதையில் கிடைத்த ஒரு விளையாட்டுப் புத்தகம், ஒரு சோடிப் பகடை, ஒரு மேசை. நான் கதை சொல்வேன். அவர்கள் இருவரும் அந்தக் கதைக்குள் நடக்கும் வீராங்கனைகள். மலையைத் தாண்டினார்களா, மதகை உடைத்தார்களா என்பதைப் பகடை சொல்லும். அங்கே எங்களுக்கு சூப்பர்வைசர் இல்லை, சைரன் இல்லை. பின்வரிசையில் ஒரு தங்கை சிரிக்கிறாள். சிரி அம்மா! எழுதப் படிக்கத் தெரிந்த மூன்று பெண்கள் பகடை உருட்டிக்கொண்டு "நான் குதிரையில் ஏறுகிறேன்" என்று கத்தினால், நானும்தான் சிரிப்பேன்.

இரண்டாயிரத்து ஆறில் பேச்சிக்குக் கல்யாணம். ஏழில் மோகனா மலேசியாவுக்குப் போனாள், பினாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு. நான் வாடகை வீட்டுக்கு மாறினேன். ஞாயிறு வந்தது. மூன்று மணி வந்தது. யார் வந்தார்கள்?

அப்போதுதான் ஒரு மென்பொருள் கண்ணில் பட்டது. திரையிலே ஒரு மேசை! வரைபடம் விரிக்கலாம், காய் நகர்த்தலாம், பகடை உருட்டலாம். பினாங்கில் உருட்டினால் கோவில்பட்டியில் தெரியும். ஆனால் ஒருத்தி தன் கணினியில் மேசையைத் திறந்து வைக்க வேண்டும். மற்றவர்கள் அவள் கணினியின் எண்ணைப் போட்டு உள்ளே வர வேண்டும். இணைப்புப் பெட்டியில், அதுதான் ரவுட்டரில், அதற்கென்று ஒரு வாசலையும் திறந்துவிட வேண்டும். கேட்க எளிது. மூன்று ஞாயிறு முட்டி மோதினேன். நான்காம் ஞாயிறு பேச்சி போனில் வந்தாள்.

"ஏட்டி அருணா, உள்ளயே விட மாட்டேங்கு!"

"நம்பரைச் சரியா போட்டியா?"

"போன வாரம் குடுத்த நம்பரத்தான போட்டேன்."

"அய்யோ, அது ஒவ்வொரு தடவையும் மாறும் பேச்சி. இன்னிக்கு வேற நம்பரு."

"வாரா வாரம் வீடு மாத்துதியாக்கும்?"

கைதட்டுங்கள், அந்தக் கேள்வியை அவள் மாமியார் முன்னால் கேட்டாள்! ஆமாம். மருமகள் தனியாக பிரவுசிங் சென்டர் போகக் கூடாது என்று, அந்த அம்மா வாராவாரம் பக்கத்து நாற்காலியில் காவலுக்கு உட்கார்ந்தார்.

அன்று திரையில் முதல் காய் தோன்றியது. பிறகு இரண்டாவது. "வந்துட்டேன்" என்று மோகனா தட்டெழுதினாள். அவள் குரல் இல்லை, கை இல்லை, அவள் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் வாசனை இல்லை. ஒரு சிறிய நீல வட்டம், அவ்வளவுதான். அந்த வட்டத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

ஓராண்டுக்கு மேல் ஆடினோம். போன கார்த்திகையில் மோகனாவின் அம்மா இறந்துபோனார். ஒப்பந்தம் முடியாமல் விடுப்பு இல்லை என்றது கம்பெனி. தாய் தீயில் வேகிற நேரம், மகள் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு சர்க்யூட் பலகை அடுக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் ஒரு வரி அனுப்பினாள்: "இந்த ஞாயிறு ஆடணும் அருணா. கட்டாயம் ஆடணும்."

அந்த ஞாயிறுதானா எங்கள் தெருவின் மின்வெட்டு நேரம் மாற வேண்டும்? இரண்டேகாலுக்குக் கரண்ட் போனது. என் கணினி அணைந்தால் மேசையே இல்லை. யாரும் எங்கும் உட்கார முடியாது. விளையாட்டை ஒரு பென் டிரைவில் போட்டு வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். எங்கே? கரண்ட் இருக்கும் இடத்துக்கு! எட்டு கிலோமீட்டர்தானே மாநில எல்லை? அந்தப் பக்கம் நம் மின்வெட்டு கிடையாது. பேருந்தில் தொங்கிக்கொண்டு அத்திப்பள்ளியில் இறங்கி, முனிசாமி என்பவர் வைத்திருந்த பிரவுசிங் சென்டரில் நுழைந்து, ஒரு விளையாட்டுக்கு ரவுட்டரில் வாசல் திறக்கக் கேட்டேன்.

"கேமா? பேடம்மா, வேணாம். ரவுட்டர்ல எல்லாம் கைய வெக்க விடமாட்டேன்."

"அண்ணா, என் சிநேகிதிக்கு அம்மா செத்துட்டாங்கண்ணா. அவளால வர முடியல. அவ எங்களோட உக்காரணும். உக்கார இது ஒண்ணுதாண்ணா இக்குது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்தார். கணினியிடம் வந்து கடவுச்சொல்லை அவரே அடித்தார். "யாவ வாசலு, எந்த வாசலு? சொல்லும்மா" என்றார்.

மூன்று மணி பத்து நிமிடம். மேசை திறந்தது. புது எண்ணை இருவருக்கும் அனுப்பினேன். நீல வட்டம் முன்பே காத்திருந்ததுபோல் உடனே வந்தது.

என்ன கதை சொல்வேன் அவளுக்கு? அரக்கனா? புதையலா? வரைபடத்தில் ஓர் ஆறு இருந்தது. "ஆற்றங்கரைக்கு வந்துவிட்டீர்கள். உன் கையில் ஒரு விளக்கு இருக்கிறது" என்று எழுதினேன். மோகனா எழுதினாள்: "விடறேன். அக்கரை போய்ச் சேருமா?"

எங்கள் ஆட்டத்தில் அகலமான ஆற்றுக்குப் பதினைந்து வேண்டும். கூட நிற்பவர்களும் உருட்டிச் சேர்க்கலாம். மோகனா உருட்டினாள். நான்கு. பேச்சி உருட்டினாள். மூன்று. அப்போது பேச்சி எழுதினாள்: "அத்தை கேக்காவ, அவுகளும் உருட்டலாமான்னு."

காவலுக்கு வந்தவர், அன்று கரையில் வந்து நின்றார். ஆறு!

பதின்மூன்று. இரண்டு குறைகிறது. கதை சொல்பவள் உருட்டக் கூடாது. ஆனால் கதை என் கையில். பதினைந்தைப் பதின்மூன்றாக்க என்னால் முடியாதா? முடியும். விரலை விசைமேல் வைத்துவிட்டேன். மோகனா முந்திக்கொண்டாள்.

"மாத்தாத அருணா. கிட்ட வந்துட்டாங்க. மீதிய அவங்களே போய்க்குவாங்க."

அத்திப்பள்ளியிலும் கோவில்பட்டியிலும் பினாங்கிலும் மூன்று பெண்கள் அழுதோம். இல்லை, நான்கு பெண்கள்.

அன்பானவர்களே, மோகனாவுக்கு அது சுடுகாட்டில் நின்றது ஆகுமா? ஆகாது. அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்ததற்கு ஈடாகுமா? ஆகவே ஆகாது! இன்றும் அவள் வரவில்லை. ஆடியில்தான் ஒப்பந்தம் முடிகிறது. ஞாயிறுதோறும் அந்த வட்டத்தைப் பார்க்கும்போது என் ஏக்கம் தீர்வதில்லை, கூடத்தான் கூடுகிறது. பார்க்கப் பார்க்க, பக்கத்தில் உட்காரத்தான் மனம் கேட்கிறது. ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் அவள் தனியாக அழவில்லை. அது போதாதா? இந்த அரங்கில் அண்ணனைப் பிரிந்தவர் எத்தனை பேர்? பிள்ளையை ஊரில் விட்டு வந்தவர் எத்தனை பேர்? உங்களுக்கு யார் மேசை போட்டார்கள்?

ஆகவே தலைவர் அவர்களே, ஊரறியக் கேட்கிறேன். நம் விடுதிப் பொது அறையில் ஒரு கணினி வையுங்கள், இணைப்புக் கொடுங்கள், மின்வெட்டில் அணையாதபடி ஓர் இன்வெர்ட்டர் வையுங்கள். இணைப்பது எப்படி, வாசல் திறப்பது எப்படி என்று ஒவ்வொரு தங்கைக்கும் நானே உட்கார்ந்து கற்றுத் தருகிறேன். விளையாடட்டும், பேசட்டும், அழட்டும். துணையோடு அழட்டும்!

தலையசைக்கிறாரா? அசைக்கிறார்! தாய்மார்களே, நீங்கள் அனைவரும் சாட்சி.

கேலி செய்யாமல் கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி. மொழி வேறானாலும் வாசல் திறந்த அத்திப்பள்ளி முனிசாமி அண்ணனுக்கு நன்றி. இந்தக் கைதட்டல் கேட்காத தூரத்தில் இப்போது ஷிப்டில் நிற்கும் என் மோகனாவின் பெயராலும், வணக்கம்.