பிறந்த வீட்டுக்குப் போகவிருந்த கயிறு

அட்டன் ஸ்டேஷனில் ரயில் நின்றிருந்தது. எனக்கு எதிரே இருந்த கர்ப்பிணிப் பெண் மடியில் ஒரு கயிற்றுச் சுருளை இறுக்கிப் பிடித்தபடி, "பெத்துப் பொழைச்சு வாற வரைக்கும் இது எங்கம்மா வீட்டுல இருக்கட்டும்" என்றாள். நான் புத்தகத்தை மூடினேன். ஜன்னலுக்கு வெளியே அவள் கணவர் திகைத்து நின்றார்.

"என்ன புள்ள, இடுப்புல கட்ட அதில்லாம நான் எப்படி மரம் ஏறுறது? நாளைக்கு ஆறாம் நம்பர் தேயில மலையில சவுக்குக் கிளை வெட்டணும்."

"ஏறாதீங்க. கயித்துப் புரியப் பிரிச்சுப் பாத்தேன், உள்ளுக்குத் தூளாக் கொட்டுது."

"அந்த எடத்துலதான் முடிச்சுப் போட்டிருக்கேனே."

"முடிச்சா ஒங்களத் தாங்கும்? தோட்டத்து ஸ்டோருல புதுசு கேளுங்க."

"பழசக் குடுத்தாத்தான் புதுசு தருவாங்க."

அவள் சற்று யோசித்தாள். "இடுப்புக் கத்தியக் குடுங்க."

வாங்கி, கயிற்றை நடுவில் அறுத்தாள்.

"ஐயோ, கங்காணி ஏசுவாரு!"

"ஏசட்டும். ஏச்சு வாங்கவாச்சும் ஆளு முழுசா இருக்கணும்ல."

ஒரு துண்டின் நுனியில் சாண் அளவு அறுத்து வைத்துக்கொண்டு, மீதியையும் கத்தியையும் வெளியே நீட்டினாள்.

"அது எதுக்கு?"

"ஒங்க வேர்வ வாசம் இருக்கு. அஞ்சு மாசம் ஓட்டணுமே."

விசில் ஊதி ரயில் நகர்ந்தது. கத்தியைச் செருகிக்கொண்டவருக்கு இரண்டு கையிலும் கயிறு, கையசைக்க முடியவில்லை. கூடவே ஓடிவந்தார்.

"புதுசு வாங்கினதும் லெட்டர் போடுறேன்!"

"லெட்டர் வேணாம். நீங்களே வாங்க!"