செல்வாம்பாளின் மேசையில் கிடந்த கார்டு

மேடையில் தலைமை ஏற்றிருக்கும் நம் உள்ளூர் வரலாற்று வட்டத் தலைவர் இளஞ்செழியன் அவர்களே! உடன்பிறந்த அக்கா செல்வாம்பாளைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் வடிவேல் அவர்களே! சேதராப்பட்டிலிருந்து வேன் வைத்து வந்திருக்கும் உறவினர்களே! ஆவணக் காப்பகத்துத் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த ரிச்சர்டின் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அழுதார்கள். எனக்கு அழுவதற்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. நான் பேசி முடித்த பிறகு நீங்களே சொல்லுங்கள்.

யார் இந்தச் செல்வாம்பாள் அம்மையார்? நெல்லும் மணிலாக் கடலையும் பயிரிட்ட வீட்டுப் பெண். காப்பகத்தில் தூசி தட்டும் வேலைக்குச் சேர்ந்து, ஆவணக் காப்பாளராக ஓய்வு பெற்றவர். அவர் பிரெஞ்சு பேசினால் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் முந்நூறு வருடத்துக் கிறுக்கல் கையெழுத்தை அவர் காலைப் பேப்பர் வாசிப்பதுபோல் வாசிப்பார். முப்பது வருடம் பிரெஞ்சு கற்பித்த நான், புரியாத பக்கத்தை எடுத்துக்கொண்டு அவரிடம்தான் ஓடுவேன். "வாத்தியாருக்கே டியூசனா முசே?" என்பார்; ஐயா என்று சொல்லமாட்டார், பிரெஞ்சு முறையில் முசேதான். கொடுத்துவிட்டுத்தான் கேலி செய்வார்.

அவர் தேடியது யாரை? ஆளுநர்களை அல்ல, தளபதிகளை அல்ல. மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கப்பலில் அள்ளிவந்து இந்த ஊரில் இறக்கப்பட்ட கறுப்பின மக்களை! இங்கே சமைத்தவர்களை, பல்லக்குச் சுமந்தவர்களை, பிறர் பிள்ளைக்குப் பால் கொடுத்தவர்களை! 'கப்பிரி' என்று ஒரு சொல்லைப் போட்டு, குதிரைக்கும் கட்டிலுக்கும் நடுவில் அவர்களைப் பட்டியலில் எழுதியிருந்தார்கள். செல்வாம்பாள் அந்தப் பட்டியலிலிருந்து ஒவ்வொருவராக வெளியே எடுத்தார். ஒரு ஆளுக்கு ஒரு கார்டு. அதுதான் அவருடைய சட்டம். மூவாயிரத்துக்கு மேல் கார்டுகள், முப்பத்துநான்கு பெட்டிகள். இரண்டு பேரை ஒரு கார்டில் சேர்க்கமாட்டார், ஆதாரம் இல்லாமல் ஒருவரை இரண்டாகப் பிரிக்கவும் மாட்டார்.

அப்படிப்பட்டவருடைய மேசையில், எந்தப் பெட்டிக்குள்ளும் போகாமல் ஏழு வருடம் ஒரு கார்டு கிடந்தது.

ஒரு மத்தியான வேளை. வாசிப்பு அறையில் நாங்கள் இருவர் மட்டும். "முசே, இத்தப் பாருங்க" என்று அந்தக் கார்டை என் பக்கம் தள்ளினார். 1744: ரொசாலி, கப்பிரிப் பெண், வயது சுமார் முப்பது. 1771: அதே வீடு, ரொசாலி, வயது சுமார் முப்பது. 1796: அதே வீடு, ரொசாலி, முப்பது. 1819: ரொசாலி, முப்பது!

"எழுவத்தஞ்சு வருசமா இவளுக்கு வயசே ஆவல முசே. சாவுப் பதிவு எங்கியும் இல்ல. மாதாகோயில் ரெஜிஸ்தர்ல இல்ல, முனிசிபாலிட்டி ரெஜிஸ்தர்லயும் இல்ல. கல்லறையிலயும் பாத்துட்டேன்." சொல்லிவிட்டுத் தன் முன்கையைத் தேய்த்துக்கொண்டார். மயிர் குத்திட்டு நின்றிருந்தது. "பொறந்தாப்ல இல்ல, செத்தாப்ல இல்ல. இருந்துகிட்டே இருக்கா."

அந்த வீடு எந்த வீடு தெரியுமா? என் வீடு! என் முன்னோர் பிரெஞ்சுக் கம்பெனிக்கு வேலை பார்த்துக் கட்டியது. இன்றும் நான் படுத்து எழுவது அங்கேதான்.

நான் என்ன செய்தேன்? சிரித்தேன். சூழலை லேசாக்க என் சின்ன வயதுக் கதையைச் சொன்னேன். "எங்க வீட்டிலயும் ஒரு ரொசாலி இருந்தா மதாம். எனக்கு அம்மை வார்த்தப்ப வேப்பிலையால தடவிக் கொடுத்தவ அவதான். என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனவளும் அவதான்."

"அவ மூஞ்சி எப்படி இருக்கும்?"

"அம்மைத் தழும்பு இருக்கும். நல்ல உயரம், அடுப்படி நிலையில குனிஞ்சுதான் வருவா." சொல்லிவந்த நான் நடுவில் நின்றுவிட்டேன். என்னை இடுப்பில் வைத்துக்கொள்ளவே திணறுகிற குள்ளமான ஒருத்தியும் நினைவுக்கு வந்தாள். இடது கையில் ஒரு விரல் இல்லாத ஒருத்தியும் வந்தாள். அம்மா கொல்லைப் பக்கம் பார்த்து "ரொசாலி!" என்று கூப்பிடுவாள். "தோ வந்துட்டேம்மா" என்று குரல் வரும். அந்தக் குரல் அவ்வப்போது மாறியிருக்கிறது! வேறு வேறு பெண்கள் வந்து நின்றிருக்கிறார்கள்! ஒரே ஒருத்திதான் என்னை வளர்த்தாள் என்று நம்பிக்கொண்டே எனக்குத் தலை நரைத்துவிட்டது.

செல்வாம்பாள் அந்தக் கார்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "எந்த ரொசாலி முசே?"

அன்று வீட்டுக்குப் போனேன். பட்டப்பகலில், என் சொந்த வீட்டு அடுப்படிக்குள் போக எனக்குக் கால் வரவில்லை. உள்ளே யாரோ பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது. யார் என்று எட்டிப்பார்க்கப் பயந்து, கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அன்பர்களே, இனி சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. செல்வாம்பாள் தேடிய விடை என் பீரோவில் இருந்தது. எங்கள் குடும்பத்துக் குறிப்பேடு ஒன்று தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்டு வந்தது. அப்பா இறந்தபோது அது என் கைக்கு வந்தது. அப்போது நான் அதைத் திறக்கவே இல்லை; செல்வாம்பாள் அந்தக் கேள்வி கேட்ட அன்று இரவுதான் முதல் சில பக்கங்களைப் படித்தேன். ஒரு பக்கத்தில், அழகான பிரெஞ்சில், இரண்டே வரி: "ரொசாலி இறந்தாள். ரொசாலியை எடுத்தோம்."

புரிகிறதா உங்களுக்கு? சாகாதவள் என்று யாரும் இல்லை! செத்துக்கொண்டேதான் இருந்தார்கள். புதிதாக ஒரு பெயரைப் பழகுவதற்கு எஜமானர்களுக்குச் சோம்பல். வந்தவளுக்குச் செத்தவளின் பெயரை மாட்டிவிட்டார்கள். பேயாக இருந்திருந்தால்கூடத் தேவலை!

அந்த ஏட்டை அன்றே மூடிப் பூட்டினேன். குடும்பத்துக்கு ஊரில் நல்ல பெயர், அது கெட்டுவிடுமாம்! செல்வாம்பாள் ஏழு வருடம் கேட்டார். "வீட்டுல பழைய நோட்டு எதுவும் இல்லீங்களா?" என்பார். "கரையான் தின்னுடுச்சு மதாம்" என்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவர் நம்பினாரா? இல்லை என்றே இப்போது நினைக்கிறேன். ஆனாலும் ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. மேசைமேல் கிடந்த அந்தக் கார்டைத் துடைத்துத் திரும்ப வைப்பார். அவ்வளவுதான்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். மூக்கில் குழாய். என் கையைப் பிடித்து இழுத்தார். "நோட்டு வாணாம் முசே. அத்த நீங்களே வெச்சுக்குங்க. எத்தினி பேருன்னு மட்டும் சொல்லுங்க. அத்தினி கார்டு போட்டு வெச்சுட்டுப் போறேன்."

நாளைக்கு வந்து சொல்கிறேன் என்றேன். மறுநாள் காலை பத்து மணிக்கு எண்ணிக்கையோடு போனேன். கட்டில் காலியாக இருந்தது. விரிப்பைக்கூட மாற்றிவிட்டார்கள்.

பதினான்கு பேர், மதாம்! நீங்கள் கேட்டீர்களே, பதினான்கு! முதல் ஆறு பேர் கடல் தாண்டி வந்தவர்கள். மீதிப் பேர் நம் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். அடிமை முறை போயிற்று, கம்பெனி போயிற்று, பிரெஞ்சுக்காரன் கப்பல் ஏறினான். எங்கள் வீட்டு அடுப்படியில் பெயர் மட்டும் போகவில்லை. கடைசி மூன்று வரிகள் என் அம்மாவின் கையெழுத்தில் இருக்கின்றன. நான் பார்த்துப் பார்த்து எழுதப் பழகிய கையெழுத்து.

பெரியோர்களே, அந்த ஏடு இதோ. இந்தக் கூட்டம் முடிந்ததும் இளஞ்செழியன் அவர்கள் கையில் கொடுத்துவிடுவேன். பதினான்கு கார்டும் நானே எழுதுவேன். ஒவ்வொருத்தியும் எந்தக் கரையிலிருந்து வந்தாள், என்ன பெயரோடு வந்தாள் என்று தேடுவேன். கிடைக்காவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுவேனே தவிர, ரொசாலி என்று எழுதமாட்டேன். இது செல்வாம்பாள் அம்மையார் படத்துக்கு முன்னால் நான் கொடுக்கும் வாக்கு.

இன்னும் ஒன்று பாக்கி. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினைந்தாவதாக ஒருவர் இருக்கிறார். அம்மாவுக்குக் கை நடுக்கம் வந்த பிறகு சேர்ந்ததால் ஏட்டில் வரவில்லை. பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டில் சமைக்கிறார். குருசுக்குப்பத்திலிருந்து நடந்தே வருவார். செல்வாம்பாளின் கேள்வியைக் கேட்ட பிறகும், அந்த ஏட்டைப் படித்த பிறகும், நேற்று வரைக்கும் அவரை நான் எப்படிக் கூப்பிட்டேன்? ஆமாம், அப்படித்தான்!

நேற்றுக் காலை கேட்டேன். "ஒம் பேரு என்னம்மா?" கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மேனகாங்க. வந்த அன்னிக்கே சொன்னேனே. ஒங்கம்மாதான் அதெல்லாம் வாணாம்னுட்டாங்க." பிறகு கொஞ்சம் பயந்த குரலில், "ஏன் கேக்கறீங்க முசே, என்னை நிறுத்தப் போறீங்களா?" என்றார்.

அவர் இந்த மண்டபத்துக்கு வந்திருக்கிறார். உங்களுக்கெல்லாம் காபி கொடுத்துவிட்டு, பின்வாசல் பக்கம் நமக்கு முதுகைக் காட்டி டம்ளர் அடுக்கிக்கொண்டிருக்கிறார். முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. இதோ கூப்பிடுகிறேன். மேனகா!

பார்த்தீர்களா? இந்த மைக்கில் கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை. என் குரலில் அந்தப் பெயரை அவர் கேட்டதே இல்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைக்கிறார்.

யாரும் போய் அவர் தோளைத் தொடாதீர்கள். அவர் திரும்பும் வரைக்கும் நான் இந்த மேடையை விட்டு இறங்கப்போவதில்லை.

மேனகா!