கரண்ட் போகாத மத்தியானம்

மாஸ்டர்: ஃபேன் ஓடுது.

டீச்சர்: ஓடட்டுமே.

மாஸ்டர்: கரண்ட் போயிடுச்சுன்னு இப்பத்தானே சொன்னே?

டீச்சர்: போச்சு... நீங்க வாசப்படி ஏறும்போது வந்திடுச்சு.

மாஸ்டர்: அப்படியா. மெஷின் பிளக் ஏன் கழண்டு கீழே கிடக்கு? அதுவும் கரண்டோட போயிடுச்சா?

டீச்சர்: ஏங்க... வந்ததும் வராததுமா... ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு...

மாஸ்டர்: பேசாதே. பிளக்கைச் சொருகிட்டேன், மெஷின் ஓடுது. முதல்ல மூக்குல குழாயை மாட்டு. இரு, காதுகிட்ட முறுக்கிக்கிட்டிருக்கு. ம்... இப்ப மூச்சை இழு. மெதுவா. விரல்ல மாட்டுற கருவி எங்க?

டீச்சர்: தலையணைக்கு அடியில.

மாஸ்டர்: அது எப்பவும் மேஜை மேலதானே இருக்கும்?

டீச்சர்: பாவம்... அதுக்கும் ஒரு மாறுதல் வேணாமா?

மாஸ்டர்: விரலைக் குடு. ...ஆக்சிஜன் எண்பத்தஞ்சுதான் காட்டுது.

டீச்சர்: நல்ல மார்க்குதான். என் கிளாஸ்ல இதுக்குக் கைதட்டச் சொல்லியிருப்பேன்.

மாஸ்டர்: கணக்கு டீச்சர், இந்தப் பரீட்சையில தொண்ணூறுக்குக் கீழே வந்தா ஃபெயில். டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே... ராத்திரி பகல் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கிட்டே இருக்கணும்னு.

டீச்சர்: சொன்னாரு. அவரா கரண்ட் பில் கட்டுறாரு?

மாஸ்டர்: என்ன சொன்னே?

டீச்சர்: ஒண்ணுமில்ல. நீங்க எப்படி... சத்தமே இல்லாம வந்தீங்க? வண்டி எங்க?

மாஸ்டர்: மெக்கானிக்கிட்ட. கிளச் போயிடுச்சு. டிரைவிங் கத்துக்க ஒரு பொண்ணு புதுசாச் சேர்ந்திருக்கே, கிளச்சுலேர்ந்து காலை எடுக்கவே மாட்டேங்குது. நடந்துதான் வந்தேன். ஏன், வண்டியில வந்தா என்ன?

டீச்சர்: ஒண்ணுமில்லைன்னேனே.

மாஸ்டர்: ஓ... நம்ம வண்டி சைலன்சர் தெருமுனையிலேயே உறுமும். அது கேட்டதும் எழுந்து மெஷினைப் போட்டுடுவே. அப்படித்தானே? அதான், சைலன்சரை மாத்தலாம்னு சொன்னப்பல்லாம், நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வீண் செலவுன்னு தடுத்தியா? நானும் என் பொண்டாட்டி சிக்கனமானவன்னு ஊரெல்லாம் பெருமையடிச்சேன்.

டீச்சர்: அதுல என்ன தப்பு... சிக்கனமானவதான்.

மாஸ்டர்: எத்தனை நாளா நடக்குது இது?

டீச்சர்: கொஞ்ச நாளாத்தான்.

மாஸ்டர்: கணக்கு டீச்சருக்குக் கொஞ்சம்னா எவ்ளோ?

டீச்சர்: அன்னிக்கு... யூனிட் ரேட்டை ஏத்திட்டாங்கன்னு பில்லைப் பார்த்துத் தலையில கை வெச்சு உட்கார்ந்தீங்களே, அதுக்கு மறுநாள்லேர்ந்து. மத்தியானம் மட்டும்தாங்க. நீங்க கிளாஸுக்குப் போனப்புறம். சும்மா படுத்துக் கிடக்கிறவளுக்கு எதுக்கு... அவ்ளோ காத்து?

மாஸ்டர்: வாயைக் கழுவு. நான்தான் வீட்டையே தலைகீழாப் புரட்டிக்கிட்டிருந்தேனே. பல்பெல்லாம் மாத்துனேன். ஹீட்டரை நிறுத்திட்டுப் பச்சைத் தண்ணியில குளிக்கிறேன். ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரை மாத்தி, சுவத்தை விட்டுத் தள்ளி வெச்சேன்...

டீச்சர்: டி.வி. பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கி, சுவிட்ச் போர்டே கையோட வந்திடும் போலிருக்கு.

மாஸ்டர்: வாஷிங் மெஷினை வாரத்துக்கு ஒரு தடவைதான்...

டீச்சர்: சட்டைக்கு இஸ்திரியும் போடுறதில்ல. கசங்கின சட்டையோட பக்கத்துல மாஸ்டர் உட்கார்ந்தா, அந்தப் பொண்ணு பாவம்... பயந்துபோய் கிளச்சைத்தான் மிதிச்சுக்கிட்டிருக்கும்.

மாஸ்டர்: சிரிக்காதே. மூச்சு வாங்குது பாரு.

டீச்சர்: ஹால்ல விளக்கு போடாம நடந்து, நாற்காலியில இடிச்சு, உங்க கால் விரல் வீங்கிக் கிடக்கு. நானும் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். சுத்திச் சுத்தி எல்லாத்தையும் நிறுத்துறீங்க... இந்த ஒண்ணை மட்டும் கண்ணுலயே படாத மாதிரி தாண்டிப் போறீங்க. வீட்டுலயே அதிகமா இழுக்கிறது இதுதான்னு எனக்குத் தெரியாதா?

மாஸ்டர்: தாண்டிப் போகாம? மத்ததையெல்லாம் நிறுத்துனதே இது ஓடணும்னுதானேம்மா. வண்டியில என் காலுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கு. எவன் எப்படி ஓட்டினாலும் நான் மிதிச்சு நிறுத்திடலாம். உன்கிட்ட மட்டும்தான் எனக்கு அந்த வசதி இல்ல.

டீச்சர்: அழறீங்களா?

மாஸ்டர்: இல்ல. விரலைக் குடு. ...எண்பத்தொன்பது. ஏறுது.

டீச்சர்: கோவப்படாம இருந்தா ஒண்ணு சொல்லட்டா?

மாஸ்டர்: கோவப்பட எனக்குத் தெம்பில்ல. சொல்லு.

டீச்சர்: நான் நிறுத்தினது வீண் போகலைங்க. போன தடவை பில் குறைஞ்சுச்சு. இந்தத் தடவை அதைவிடக் குறைஞ்சுச்சு. நீங்கதானே துள்ளிக்கிட்டு வந்து சொன்னீங்க, பார்த்தியா என் பல்போட வேலையைன்னு. பக்கத்து வீட்டுக்காரரை ஜன்னலுக்கு வெளியே நிறுத்தி வெச்சு, பில்லைக் குறைக்கிறது எப்படின்னு பாடமே எடுத்தீங்க. பாவம் மனுஷர், பால் வாங்கப் போனவர்...

மாஸ்டர்: அதெல்லாம் உன் காதுல விழுந்துச்சா?

டீச்சர்: நல்லாவே விழுந்துச்சு. பல்புதான்னு நினைச்சுக்கட்டும்னு நானும் வாயைத் திறக்கலை. ஆனா உள்ளுக்குள்ள எனக்கு அவ்ளோ சந்தோஷம். எழுந்து ஒரு டம்ளர் தண்ணி கொண்டுவந்து தர முடியலை உங்களுக்கு... இது ஒண்ணாவது நான் பண்றேனேன்னு. நிஜமாச் சொல்றேன், குறையலைன்னா அன்னிக்கே விட்டிருப்பேன். நெஞ்சை அடைக்கும்போதெல்லாம் போதும், போட்டுடலாம்னுதான் தோணும். அப்புறம்... குறையுதே, இன்னும் கொஞ்ச நேரம் தாங்கிக்குவோமேன்னு...

மாஸ்டர்: ...

டீச்சர்: ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கிறீங்க? கோவப்பட மாட்டேன்னு சொன்னீங்களே.

மாஸ்டர்: பில் குறையலைம்மா.

டீச்சர்: என்னது?

மாஸ்டர்: ஒவ்வொரு தடவையும் ஏறிக்கிட்டேதான் இருக்கு. ரேட்டு ஏறுன வேகத்துக்கு என் பல்பும் ஈடு கொடுக்கலை, நீ அடக்கின மூச்சும் ஈடு கொடுக்கலை. முதல் தடவைக்கு அப்புறம் பில்லை உன் கண்ணுல நான் காட்டவே இல்லையே, கவனிச்சியா?

டீச்சர்: அப்ப துள்ளிக்கிட்டு வந்தது... ஜன்னலுக்கு வெளியே அந்தப் பாடம்... எல்லாம் எதுக்குங்க?

மாஸ்டர்: ஏறுதுன்னு தெரிஞ்சா, நான் இல்லாத நேரமாப் பார்த்து நீ மெஷினை நிறுத்திடுவியோன்னு பயந்துதான்.