பள்ளிவாசல் குடும்பத்தின் ஐந்தாம் அமர்வு: ரஸியா அம்மையாரின் பணி நிறைவுக்கு

பொறுமையின் பேருருவே! பிறர் துயர் கேட்கப் பிறந்த செவியே! கோவிந்தாபுரம் ஈன்று கொல்லங்கோடு கொண்டாடும் ரஸியா அம்மையீர்! வணக்கம்.

நேருக்கு நேர் புகழ்ந்தால் எழுந்து போய்விடுவேன் என்று அம்மையார் முன்பே எச்சரித்துவிட்டார். ஆகவே, அவரை அமரவைத்துவிட்டு அவைக்குச் சொல்கிறோம்.

மருத்துவச் சமூகப் பணியில் முப்பத்தோர் ஆண்டுகள். அவற்றுள் கடைசி ஆறும் காணொளி வழியே குடும்ப ஆலோசனை. எத்தனை குடும்பங்கள் என்று பட்டியலிடப் போவதில்லை. ஒன்றைச் சொல்கிறோம். உரியவர்களின் இசைவு பெற்று, பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறோம்.

மூணாற்றை அடுத்த பள்ளிவாசல் என்னும் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். இன்னாசிராஜ் மூணாற்றில் சுற்றுலா ஜீப் ஓட்டுபவர். மனைவி கத்தரீனாள் கொழுந்து பறிப்பவர்; குடியிருப்பது லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று. பதினான்கு வயது மகள் சோனாவின் நோட்டுப் புத்தகம் ஒன்று தந்தையின் கையில் சிக்கியது. அதில் தன் மனதில் பட்டதையெல்லாம் எழுதிவைத்திருந்தாள். ஞாயிறு பூசை முடிந்து உறவினர் கூடியிருந்த வேளையில், அவர் அதை உரக்கப் படித்துக் காட்டினார். அன்றோடு மகள் தந்தையிடம் பேசுவதை நிறுத்தினாள். நான்கு மாதம் ஆயிற்று. தேனியில் விடுதியோடு கூடிய பள்ளியில் சேரப் போவதாகவும், போனால் விடுமுறைக்கும் திரும்பமாட்டேன் என்றும் தாயிடம் சொன்னாள். பயந்துபோன கத்தரீனாள் நம் மையத்தை அழைத்தார்.

முதல் மூன்று அமர்வுகளில் இன்னாசிராஜ் வாயே திறக்கவில்லை. நான்காவதில் அம்மையார் பொறுமையிழந்தார். ஆம், அவரும் இழந்தார்! "புள்ள மேல தப்பில்லீங்க. நீங்க செஞ்சதுதான் தப்பு. அவகிட்ட மன்னிப்புக் கேளுங்க" என்று மகள் முன்னிலையிலேயே சொல்லிவிட்டார்.

"எம் பொண்டாட்டி புள்ள முன்னால வச்சு என்னயக் குத்தவாளி ஆக்குறீகளே, டாக்டரம்மா!" என்றார் இன்னாசிராஜ். திரை இருண்டது. இரண்டு வாரம் அழைப்பு இல்லை.

"விட்டுருங்கக்கா, அந்த ஆளு இனி வரமாட்டாரு" என்றார், குறிப்பெடுக்க உடனிருந்த நம் சக பணியாளர் சிஞ்சு. அம்மையார் விடவில்லை. அந்த மனிதர் எல்லார் முன்னிலையிலும் மகளுக்குச் செய்ததைத்தான், தாமும் மகள் முன்னிலையில் அவருக்குச் செய்திருக்கிறோம் என்பது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. பத்தே நிமிடம் வரச்சொல்லுங்கள் என்று கத்தரீனாளிடம் கேட்டுக்கொண்டார்.

ஐந்தாம் அமர்வுக்கு மூவரும் திரையில் வந்தார்கள். இன்னாசிராஜ் எந்நேரமும் எழுந்துவிடுபவர்போல் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, அன்னைக்கு உங்க மக முன்னால உங்களக் குத்தஞ் சொன்னேன். தனியாச் சொல்லியிருக்கோணும். அது என்ற தப்புங்க. மன்னிச்சுக்கோங்க" என்றார் அம்மையார்.

"ஐயய்யோ, நீங்க போயி எங்கிட்ட..."

"நானேதானுங்க கேக்கோணும். செஞ்சது நாந்தானுங்களே."

அவ்வளவுதான். 'இப்போது நீங்களும் கேளுங்கள்' என்று நாக்கு நுனிவரை வந்ததாம், அடக்கிக்கொண்டாராம். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று சிஞ்சு திரையை எட்டிப் பார்த்தார். அறவில்லை.

"சோனா" என்றார் இன்னாசிராஜ், மகளைப் பாராமலே. "அந்த நோட்ட நான் அப்பிடிப் படிச்சிருக்கக் கூடாதும்மா."

மகள் ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. "ஏம்ப்பா படிச்சீங்க?" என்று கேட்டாள். நான்கு மாதத்தில் அதுதான் முதல் பேச்சு.

"லயத்து வீட்டுல இருக்கோம்னு சொல்ல வெக்கமா இருக்குன்னு எழுதியிருந்தியே. எனக்கும் சின்ன வயசுல இருந்து அந்த வெக்கந்தான். யாருகிட்டயும் சொன்னதில்ல. நீ எழுதியிருந்ததப் பாத்ததும் தாங்க முடியல, அந்தக் கோவத்துலதான் படிச்சுட்டேன்."

அம்மையார் தம் ஒலிவாங்கியையும் காமிராவையும் அணைத்துவிட்டு, சிஞ்சுவையும் அழைத்துக்கொண்டு அறையைவிட்டு வெளியே வந்தார். அதற்குப் பிறகு அவர்கள் பேசியது அவர்களுக்குரியது. நம் கோப்பில் அது இல்லை.

சோனா தேனிப் பள்ளிக்கே போனாள், முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் கொண்டுபோய்ச் சேர்த்தது இன்னாசிராஜின் ஜீப். காலாண்டு விடுமுறைக்கு வீட்டுக்கும் வந்தாள். நம் கோப்பில் அந்த ஐந்தாம் அமர்வுக்கு அம்மையார் எழுதிய குறிப்பு ஒரே வரி: "நான்காம் அமர்வில் தவறு என்னுடையது."

தவறாதவர் என்று பாராட்டப் பலர் உண்டு, அம்மையீர்! தவறியதைத் தம் கையால் எழுதி ஒப்பமிட்டவர் என்று பாராட்ட எமக்குத் தாங்கள் ஒருவரே வாய்த்தீர்கள்.

தோட்டத்துக் குடும்பங்கள் வேலை முடிந்து கூடுவது மாலை ஆறரைக்குத்தான் என்று, ஆறு ஆண்டுகளாக அந்த ஆறரை மணியை அவர்களுக்கே கொடுத்துவிட்டீர்கள். தங்கள் கணவர் ஃபிரோஸ் கடையடைத்து வீடு திரும்புவதும் அந்த ஆறரைக்குத்தான் என்பது நேற்றுத்தான் எமக்குத் தெரியவந்தது. அதைத் தாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. நாளை முதல் அந்த மணி தங்கள் இருவருக்கும் உரியதாகுக! நோயின்றி, நெடுங்காலம், எவர் வழக்கையும் கேட்காமல், எதிரெதிரே அமர்ந்து சாயா குடித்து வாழ்க!

இங்ஙனம்,
தங்களிடம் பலமுறை மன்னிப்புக் கேட்டும், சிலமுறை தாங்களே எம்மிடம் கேட்கப் பெற்றும் உடன் பணியாற்றியோர்,
குடும்ப ஆலோசனை மையம், கொல்லங்கோடு.